யோகத்தின் ஐஸ்கிறீம் பெட்டி

1

எங்கள் வீட்டிலிருந்து போதிய அளவு பிளாஸ்டிக் குப்பை வருவதில்லை என்று போன மாதம் எங்கள்மேல் ஒரு சந்தேகம் வந்தது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். குப்பை கூடினால்தானே முறைப்பாடு வரும்? ஆனால் இது நோர்வே. அதிலும் வடக்கே, ஒரு மீன் தொழிற்சாலையை நம்பிக் கிடக்கிற சின்னக் கடலோர ஊர். நானும் முப்பது வருசத்துக்கு மேலாக அந்தத் தொழிற்சாலையில்தான் மீன் வெட்டுகிறேன். இங்கே சாப்பாட்டுக் கழிவுக்கு ஒரு பை, பிளாஸ்டிக்குக்கு ஒரு பை, கடதாசிக்கு ஒரு பெட்டி, கண்ணாடிக்கு வேறொரு இடம். பிளாஸ்டிக்கைக் கழுவித்தான் போடவேண்டும். வந்த புதிதில் நான் இந்தக் குப்பைச் சட்டங்களைப் பாடமாக்கியதுபோலப் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியிருந்தால் இன்றைக்கு ஒரு டொக்டராக இருந்திருப்பேன்.

எங்கள் வீட்டுத்தொகுதிக் குழுவின் தலைவர் ஒருநாள் பின்னேரம் வந்து கதவைத் தட்டினார். நல்ல மனிதர். இந்த நாட்டு வழக்கப்படி முதலில் காலநிலையைப் பற்றிக் கனநேரம் கதைத்தார். பிறகு மெல்ல விசயத்துக்கு வந்தார். எல்லா வீட்டுப் பிளாஸ்டிக் பைகளும் உப்பிப்போய் வெளியே வருகின்றனவாம், எங்கள் வீட்டுப் பை மட்டும் தட்டையாகவே கிடக்கிறதாம். நாங்கள் பிளாஸ்டிக்கை வேறு குப்பையோடு கலந்துவிடுகிறோமோ என்று ஒருவர் கேட்டாராம். கோபிக்கவேண்டாம் என்று மூன்று தரம் சொன்னார். எறிவதில்லை, சேர்த்து வைக்கிறோம் என்று சொல்ல வெளிக்கிட்ட நான், எறிவதில்லை, ஒளித்து வைக்கிறோம் என்று அவருடைய மொழியில் சொல்லிவிட்டேன். முப்பது வருசமாகியும் அந்தப் பாசை என் நாக்கில் வழுக்கிக்கொண்டுதான் இருக்கிறது.

நல்லவேளை, என் மனைவி புவனா அவரைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய் அலுமாரியைத் திறந்து காட்டினாள். நெத்தலியைப் போன்ற ஒரு மீனை வினாகிரியில் ஊறவைத்து விற்கிற வெள்ளை வாளிகளில் அரிசிமாவும் உழுந்தும். மாஜரின் பெட்டிகளில் கடுகு, வெந்தயம், பெருஞ்சீரகம். தோசைமா பொங்கி வழியாமல் புளிப்பதற்கு இரண்டு லீற்றர் ஐஸ்கிறீம் பெட்டி. லாச்சியை இழுத்தால் தயிர்ப் பெட்டிகளைப் பாதியாக வெட்டி அடுக்கி, ஒன்றில் பொத்தான், ஒன்றில் ஊசி நூல், ஒன்றில் என் மருந்துகள். யன்னலோரத்தில் றால் சலாட் வந்த பெட்டிக்குள் வல்லாரை படர்ந்து நின்றது. வெளியே பனி கொட்டுகிற காலத்திலும் எங்கள் வீட்டில் வல்லாரைச் சம்பல் உண்டு.

மனிதர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். சந்தேகப்பட்டதற்கு மன்னிப்பும் கேட்டார். புவனா ஒரு ஐஸ்கிறீம் பெட்டி நிறைய வடை போட்டுக் கொடுத்து அனுப்பினாள். இரண்டு மூன்று நாளில் அவர் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து தந்தார். பளபளவென்று கழுவித் துடைத்திருந்தார். உள்ளே ஒன்றுமில்லை.

புவனா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, முகம் சுருங்கிப்போய் என்னைப் பார்த்தாள். ‘வெறும் பெட்டி’ என்றாள். அவரோ தன் நாட்டு மரியாதை முழுவதையும் அந்தக் கழுவலில் காட்டிவிட்ட திருப்தியோடு போய்க்கொண்டிருந்தார்.

இந்தக் கதையைக் கேட்டு ஊரில் இருக்கிற என் தங்கச்சி யோகம் தொலைபேசியில் விழுந்து விழுந்து சிரித்தாள். பாவம், அந்த மனிசனுக்கு ஆர் இதெல்லாம் சொல்லிக் குடுத்தது, திரும்பவும் நிரப்பிக் குடு, ஒருநாளைக்கு விளங்கும் என்று புவனாவுக்குப் புத்தி சொன்னாள். புவனா இதுவரை மூன்றுமுறை நிரப்பிக் கொடுத்துவிட்டாள். பெட்டி இன்னும் வெறுமையாகத்தான் வருகிறது.

2

புவனாவின் அலுமாரியைப் பார்த்தே அதிசயப்பட்ட மனிதர் யோகத்தின் வீட்டைப் பார்த்தால் என்ன சொல்வாரோ தெரியாது. புவனாவுக்கு இந்த வித்தையில் குரு என்றால் யோகம்தான்.

யோகம் எனக்கு ஒரே தங்கச்சி. எங்கள் ஊரான தொண்டைமானாற்றில், சந்நிதியான் கோயில் மணி கேட்கிற தூரத்தில், கரையை ஒட்டி வீடு. புருசன் தவராசா கடற்றொழில். எங்களுக்கெல்லாம் அவன் தவம். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் மகள் மதுதான் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே பிள்ளை.

யோகத்தின் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் சாமானுக்கு இரண்டாம் பிறப்பு, மூன்றாம் பிறப்பு எல்லாம் உண்டு. ஒரு எண்ணெய்க் கானை, அதுதான் கைபிடி வைத்த பிளாஸ்டிக் கலனை, எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அதில் தேங்காய் எண்ணெய் வரும். எண்ணெய் முடிந்தால் கழுவிக் குடிதண்ணீருக்கு. பக்கத்தில் கீறல் விழுந்தால் சரிவாக இரண்டாக வெட்டுவாள். வாய்ப்பக்கம் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனல். கைபிடியுள்ள மற்றப் பாதி, வள்ளத்துக்குள் ஊறுகிற தண்ணீரை இறைத்து ஊற்றுகிற கான். அதுவும் வெடித்தால் கோழிக்குத் தவிடு வைக்க. கோழியும் வேண்டாம் என்று விட்டால் அதற்குள் ஒரு மிளகாய்க் கன்று நிற்கும். இவ்வளவும் முடிந்து ஒரு கான் அவள் வளவைவிட்டு வெளியே போவதற்குள் கடையில் எண்ணெய் விலை எத்தனையோ தரம் ஏறிவிடும்.

சாப்பாட்டு அலுமாரியின் நாலு கால்களும் நாலு மாஜரின் பெட்டிகளில் தண்ணீருக்குள் நிற்கும். எறும்பு அண்டாது. கொய்யாப்பழம் பிடுங்குகிற கொக்கத்தடியின் நுனியில், அடியை வெட்டி ஓரத்தில் பிளவு வைத்த சோடாப் போத்தல். காம்பு பிளவுக்குள் மாட்டினால் பழம் நிலத்தில் விழாமல் போத்தலுக்குள் விழும். வலை வைக்கிற கொட்டிலின் கூரைமேல் படங்கை விரித்து ஆணி அடித்து இறுக்குகிறபோது கிழியாமல் இருக்க ஆணிக்கும் படங்குக்கும் நடுவில் போத்தல் மூடி. அரிசி அளக்கிறது யோகட் கப்பால். கத்தரி நாற்றும் யோகட் கப்பில்தான். அதற்கு ஓட்டை போடுவதில் அவளுக்கு ஒரு முறை இருக்கிறது. அடியில் போடமாட்டாள். அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில், பக்கத்தில் போடுவாள். பெட்டிகளில் பெயர் எழுதுவது கிடையாது. தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கினால் உள்ளே இருப்பது கொத்தமல்லியா மிளகா என்று அவளுக்குத் தெரியும்.

அயலுக்குள் பெட்டிகள் ஓடித்திரிவது இன்னொரு கதை. கறி போகும், கூழ் போகும், பலகாரம் போகும். பெட்டி திரும்பி வரும்போது இரண்டு முருங்கைக்காய், ஒரு பிடி கச்சான்கடலை, ஒன்றுமில்லாவிட்டால் கொஞ்சம் கற்கண்டாவது அதற்குள் இருக்கும். அதனால் அந்தப் பெட்டிக்கு இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓய்வே கிடையாது. எந்த வீட்டுப் பெட்டி எந்த வீட்டில் நிற்கிறது என்று யோகத்துக்கு மனப்பாடம். எனக்கு இதையெல்லாம் பார்க்கிறபோது பெருமையாக இருக்கும். இங்கே மேடை போட்டு, படம் காட்டிச் சொல்லித் தருகிற விசயத்தை என் தங்கச்சி ஒருவரும் கேட்காமலே செய்துகொண்டிருக்கிறாள்.

3

சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு முதல்முதலாக மதுவை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. யோகம் அவளைத் தலையில் தூக்கி வைக்காத குறை. வல்லாரைச் சம்பல் தின்றால் படிப்பு வரும் என்று ஊட்டிவிடுவாள், இவள் யன்னலால் துப்புவாள். இரண்டு பேரும் நல்ல சினேகிதமாகத்தான் இருந்தார்கள்.

ஒருநாள் மத்தியானம் நல்ல வெயில். மது பிறிஜைத் திறந்தாள். உள்ளே ஸ்ரோபரி படம் போட்ட ஐஸ்கிறீம் பெட்டி. ஆசையோடு எடுத்து மூடியைத் திறந்தால், சொதிக்கு வைத்திருந்த மீன்தலைகள் வாயைத் திறந்துகொண்டு இவளைப் பார்த்தபடி இருக்கின்றன. பிள்ளை வீறிட்டு அழுதாள். அழுகை ஓய்ந்த பிறகு, இங்கே பள்ளிக்கூடத்தில் படித்துப் பழகியபடி, கணக்குக் கேட்பதுபோலக் கேட்டாள்.

“மாமி, ஏன் நீங்கள் குப்பைக்குள்ளை சாப்பாடு வைக்கிறியள்?”

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். யோகமும் சிரித்தாள். குழந்தைக் கதை என்று நான் அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

நாங்கள் வெளிக்கிடுகிற அன்று யோகம் அதே பெட்டியைப் புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, மீன் வாசம் துளியும் இல்லாமல் எடுத்து, அது நிறையப் பயித்தம் பணியாரம் அடுக்கி மதுவின் கையில் கொடுத்தாள். பெட்டி திரும்பி வரவேணும் பிள்ளை என்று சொல்லித்தான் கொடுத்தாள். பிளேனில் போகிற பெட்டிக்கும் அவளுக்கு அதே சட்டம்தான்.

4

அதற்குப் பிறகு பதினைந்து பதினாறு வருசம் யோகம் என்னிடம் அந்தப் பெட்டியைக் கேட்டாள்.

எப்போது தொலைபேசி எடுத்தாலும் மழை, மீன்பாடு, கோயில் திருவிழா எல்லாம் கதைத்து முடித்த பிறகு கடைசியில் வந்து நிற்பது அங்கேதான். “அது சரி அண்ணை, என்ரை பெட்டி எப்ப வருது?” புவனா வீடு முழுக்கத் தேடிவிட்டாள். பெட்டி போன இடம் தெரியவில்லை. ஒருமுறை எனக்கு எரிச்சல் வந்து, ஊருக்குப் போன ஒருவரிடம் விலைகூடிய மூடிப் பெட்டிகள் ஒரு செற்றாக வாங்கிக் கொடுத்துவிட்டேன். வந்து சேர்ந்தது, நல்ல வடிவு என்று சொன்னாள். பிறகு, அது சரி, என்ரை பெட்டி என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் எப்போதும் மதுவைப் பற்றி இரண்டு கேள்வி வரும். பிள்ளை சாப்பிடுறாளோ, பிள்ளை எங்களை நினைக்கிறாளோ. அந்தப் பெட்டி மதுவின் கையில் கொடுத்த பெட்டி என்பது எனக்கு ஏனோ உறைக்கவே இல்லை.

மது வளர்ந்து ஒஸ்லோவுக்குப் படிக்கப் போனாள். அங்கேயே வேலை. எங்கள் வீட்டிலிருந்து பிளேனில் போகிற தூரம். மாதத்தில் ஒன்றோ இரண்டோ அழைப்பு. தமிழ் மெல்ல மெல்ல மெலிந்தது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தது புத்தகத் தமிழாகவே நாக்கில் தங்கிவிட்டது. யோகம் வாழ்த்து அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று பதிலாகப் போகும். மாமியோடு கதைக்கச் சொன்னால், என்ன கதைக்கிறது என்று தெரியவில்லை அப்பா என்பாள். அவளுக்கு மாமிமேல் கோபம் இல்லை. கயிறு அறவில்லை, தளர்ந்துபோய்க் கிடந்தது, அவ்வளவுதான். ஆனால் தளர்ந்தது இன்னும் எவ்வளவு நாளைக்குத் தாங்கும் என்று எனக்குப் பயம்.

போன வருசம் மது எரிக் என்ற பெடியனைக் கூட்டிக்கொண்டு வந்து, நாங்கள் கல்யாணம் செய்யப் போகிறோம் என்றாள். வடக்குத் தீவொன்றில் மீன்பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளை. அவன்தான் உங்கள் ஊரைப் பார்க்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். எரிக் கேட்டதால்தான் மது வரச் சம்மதித்தாள்.

யோகத்துக்குச் சொன்னேன். அந்தப் பெடி என்ன சாப்பிடும் என்று கேட்டாள். அந்த முறை மட்டும் பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை.

5

நாங்கள் போய் இறங்கியபோது வீடு புதுப் பூச்சோடு நின்றது. குசினிக்குள் போன எனக்கு இடம் பிடிபடவில்லை. ஒரு யோகட் கப் இல்லை, ஒரு மாஜரின் பெட்டி இல்லை. தட்டு முழுக்க ஒரே அளவில் புதுக் கண்ணாடிப் போத்தல்கள். பூப்போட்ட பீங்கான்கள். அலுமாரியின் கால்கள் வெறும் நிலத்தில் நின்றன. என்னடி இது என்று கேட்டேன். காலம் மாறிப் போச்சு அண்ணை என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டாள்.

காலம் மாறியது எறும்புக்குத்தான் நல்ல வசதியாக இருந்தது. சீனிப் போத்தலுக்குள் வரிசையாகப் போய் வந்துகொண்டிருந்தன. யோகட் கப் இல்லாமல் அரிசி அளந்ததில் ஒருநாள் சோறு ஊருக்கே காணும், அடுத்தநாள் கோழிக்கும் காணாது. எல்லாப் போத்தலும் ஒரே மாதிரி, குலுக்கினாலும் ஒரே சத்தம். யோகம் ஒவ்வொன்றாகத் திறந்து மணந்து பார்த்துச் சமைத்தாள். எரிக்கின் தேத்தண்ணீருக்கு உப்புப் போட்டாள். அவன் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு மிக நன்றாக இருந்தது என்றான். இந்த நாட்டில் தேத்தண்ணீர் இப்படித்தான் போலும் என்று நினைத்திருப்பான். தவம் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், வீட்டில் ஒரு சாமானும் கைக்கு அகப்படுகுதில்லை மச்சான், மனிசி எல்லாத்தையும் எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டிட்டுது, கேட்டால் கண்ணை உருட்டுது என்று முறையிட்டான்.

இதைவிட எனக்குக் கவலை தந்தது மற்றது. மது தன் புத்தகத் தமிழில், மிகவும் சுவையாக இருக்கிறது மாமி என்பாள். யோகம் பதிலுக்கு, இன்னும் கொஞ்சம் எடுங்கோ என்பாள். தான் வல்லாரை ஊட்டி வளர்க்கப் பார்த்த பிள்ளையை ‘எடுங்கோ’ என்கிறாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விருந்தாளிபோல நடத்திக்கொண்டிருந்தார்கள். இப்படியே மரியாதையாகக் கதைத்து, மரியாதையாகப் படம் எடுத்து, மரியாதையாகப் பிரிந்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். அப்படிப் போனால் மது திரும்ப வரமாட்டாள். யோகமும் கூப்பிடமாட்டாள்.

6

ஒரு விடியற்காலை தவம் எங்களை வள்ளத்தில் கூட்டிக்கொண்டு போனான். புவனாவும் யோகமும் வீட்டில் நின்றுவிட்டார்கள். நான், எரிக், மது மூன்று பேரும்தான். எரிக் இடுப்பில் சாரம் கட்டிக்கொண்டு வந்தான். நான்தான் வெளிநாட்டு மாப்பிள்ளைபோலத் தோல் சப்பாத்தோடு போய் ஏறினேன்.

தவத்தின் வள்ளம் பழசு. அடியில் ஒட்டுப் போட்ட இடத்தில் எப்போதும் கொஞ்சம் கசியும். போகப் போக இறைத்து ஊற்றிக்கொண்டு போனால் ஒரு பயமும் இல்லை. அன்றைக்கு ஆற்றுவாய் தாண்டிக் கொஞ்சத் தூரம் போயிருப்போம். தண்ணீர் கணுக்காலுக்கு மேலே வந்துவிட்டது. தவம் பின்பலகைக்குக் கீழே கையை விட்டான். துழாவினான். முகம் மாறியது. அந்த நேரம் எரிக்கும் ஒருவரும் சொல்லாமலே முன்பலகைக்குக் கீழே குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தான். அவன் என்ன தேடுகிறான் என்று தவத்துக்கு விளங்கியது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கையை விரித்தார்கள்.

தவம் வள்ளத்தைக் கரைக்குத் திருப்பிவிட்டுத் தொலைபேசியை எடுத்தான். எஞ்சின் சத்தத்தில் கேட்கவேண்டும் என்று ஒலியைக் கூட்டி வைத்ததால் நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

“யோகம், வள்ளத்துக்கை கிடந்த கான் எங்கை?”

“கொட்டிலுக்கை.”

“கொட்டிலுக்கை அது என்ன செய்யுது?”

“அந்தப் பெடி பாக்குமெண்டு எடுத்து வைச்சனான்.”

தவம் தொலைபேசியை வைத்துவிட்டு என் காலைப் பார்த்தான். சப்பாத்தைக் கழட்டு மச்சான் என்றான். மது தன் இரும்புத் தண்ணீர்ப் போத்தலால் இறைக்கப் பார்த்தாள். குறுகின வாய், அதற்குள் தண்ணீர் போகவே மாட்டேன் என்றது. கடைசியில் ஒரு சப்பாத்தை எரிக்கும் மற்றதை நானும் பிடித்துக்கொண்டு இறைத்தோம். அந்தச் சப்பாத்துக்கு நான் கொடுத்த விலைக்கு இதுதான் நான் கண்ட உண்மையான பலன்.

இறைத்தபடியே எரிக் என்ன சாமான் தொலைந்தது என்று கேட்டான். மது சொன்னாள். எரிக் உடனே, தன் தகப்பனின் வள்ளத்திலும் அதேதான், பெரிய பிளாஸ்டிக் கான் ஒன்றைச் சரிவாக வெட்டிக் கயிற்றில் கட்டி வைத்திருப்பார், அதை எடுத்தால் அடி விழும் என்றான். தாயின் பெரிய பிறிஜ் நிறைய ஐஸ்கிறீம் பெட்டிகளாம். காட்டுப்பழம் இருக்கும், மீன் இருக்கும், ஐஸ்கிறீம் மட்டும் இருக்காதாம். சின்ன வயதில் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்துத் தான் அழுததைச் சொன்னான். மது சிரித்துச் சிரித்து, பாதி தமிழிலும் பாதி கையாலுமாகத் தவத்துக்கு அதைச் சொல்லிக் கொடுத்தாள். வள்ளத்துக்குள் முழங்கால் தொட வந்த தண்ணீரை மறந்து தவமும் சிரித்தான்.

கரையில் யோகம் நின்றாள். கொண்டை அவிழ்ந்து தொங்க, சீலை நனைய, முழங்கால் தண்ணீருக்குள் இறங்கி நின்றாள். கையில் அந்தக் கான். எந்தப் பெடியன் பார்க்கக்கூடாது என்று ஒளித்தாளோ, அவனுக்கு முன்னாலேயே அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவளை அப்படியே கும்பிடவேண்டும் போல இருந்தது.

வள்ளம் கரை தட்டியதும் மது இறங்கி அவளுக்குக் கிட்டப் போனாள்.

“ஏன் மாமி ஒளிச்சு வைச்சனீங்கள்?”

யோகம் கானைப் பார்த்தபடி சொன்னாள். “நீ சின்னனிலை கேட்டனியெல்லே, ஏன் குப்பைக்குள்ளை சாப்பாடு வைக்கிறியள் எண்டு. உனக்கு அருவருப்பாயிருக்கும் எண்டு நினைச்சன். அதுதான் நீ பிறகு வரேல்லையெண்டும் நினைச்சன்.”

குரலில் கோபம் ஒரு துளியும் இல்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. மதுவுக்கு அப்படிக் கேட்டதே நினைவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். ஒரு பிள்ளை கேட்ட ஒற்றைக் கேள்வியை இவள் இத்தனை வருசமும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, அதை ஒருவருக்கும் சொல்லாமல் என்னிடம் பெட்டியைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

மது யோகத்தின் கையிலிருந்த கானை வாங்கிக்கொண்டு திரும்ப வள்ளத்துக்குள் ஏறினாள். மிச்சத் தண்ணீரை இறைக்கத் தொடங்கினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு இறைத்தாள். பாதித் தண்ணீர் அவள் மேலேயே கொட்டியது. யோகம் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்.

“உப்பிடி இல்லையடி. சரிச்சுப் பிடி.”

அவள் ‘அடி’ போட்டதும் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

7

அன்றைக்கே கொட்டில் பூட்டுத் திறந்தது. வலைகளுக்கு நடுவில், கூரையைத் தொடுகிற அளவுக்குப் பெட்டிகள், கப்புகள், போத்தல்கள். இனம் பிரித்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, மேலே படங்கு போட்டு மூடியிருந்தாள். ஒளிப்பதிலும் அவளுக்கு ஒரு ஒழுங்கு. எரிக் கோயிலுக்குள் வந்தவன்போல நின்று பார்த்தான். கொக்கத்தடிப் போத்தலைக் கையில் எடுத்தவன் கொய்யாமரத்தில் ஒரு பழமும் மிச்சம் விடவில்லை. மதுவும் யோகமும் நாலைந்து நடை நடந்து எல்லாவற்றையும் குசினிக்குக் கொண்டுவந்தார்கள். அலுமாரி திரும்பவும் தண்ணீருக்குள் கால் வைத்தது. கண்ணாடிப் போத்தல்கள் ஊறுகாய் போட ஒதுங்கின. அடுத்தநாள் தேத்தண்ணீரில் சீனி இருந்தது. எரிக் முதல் வாய் குடித்துவிட்டு ஆச்சரியப்பட்டான்.

நாங்கள் வெளிக்கிடுகிற அன்று காலை யோகம் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தாள். ஐஸ்கிறீம் பெட்டி, மாம்பழப் படம். நிறையப் பயித்தம் பணியாரம். மதுவின் கையில் வைத்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல் நின்றாள். பெட்டி திரும்பி வரவேணும் என்று சொல்ல இந்த முறை அவளுக்கு வாய் வரவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

மதுதான் பேச்சைத் தொடங்கினாள்.

“மாமி, உங்கடை பழைய பெட்டி என்னட்டை இருக்கு.”

எனக்கும் புவனாவுக்கும் தூக்கிவாரிப் போட்டது. மது தொலைபேசியில் ஒரு படத்தைத் தேடி எடுத்து யோகத்தின் கண்ணுக்கு முன்னால் பிடித்தாள். ஒஸ்லோவில் அவள் அறை யன்னல். வெளியே பனி. யன்னல் திட்டில் மங்கிப்போன ஸ்ரோபரிப் படத்தோடு அந்தப் பெட்டி. அதற்குள் வட்ட வட்டமாக, பெட்டி விளிம்பைத் தாண்டித் தொங்குகிற வல்லாரை. படிக்கப் போகிறபோது புவனாவின் யன்னலிலிருந்து ஒரு வேரைக் கிள்ளி, அந்தப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனாளாம். எங்களிடம் சொன்னால் திரும்பக் கேட்டுவிடுவோம் என்று சொல்லவில்லையாம்.

“திருப்பித் தர ஏலாது மாமி. நான் அதுக்கு ஓட்டை போட்டிட்டன்.”

யோகம் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். தொலைபேசியை வாங்கிக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். நேரம் போய்க்கொண்டிருந்தது, எங்களை ஏற்றிப்போக வந்த வான்காரன் வெளியே நின்று ஹோன் அடித்தான். அவள் அசையவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஓட்டை அடியிலையோ பக்கத்திலையோ?”

“அடியிலை.”

“பக்கத்திலையெல்லே போடவேணும். கொஞ்சத் தண்ணி அடியிலை நிண்டால்தானே நீ இல்லாத நேரம் அது குடிக்கும்.” பிறகு புதுப் பெட்டியின் மூடியை நாலு மூலையிலும் அழுத்தி, மதுவின் கையோடு சேர்த்துப் பிடித்தாள். “அப்ப எனக்கு இனி ரெண்டு பெட்டி வரக் கிடக்கு. மறந்திடாதை.”

நாங்கள் திரும்பி வந்து ஒரு வருசம் ஆகப் போகிறது. யோகம் இப்போதும் எனக்குத் தொலைபேசி எடுக்கிறாள். மழையும் மீன்பாடும் கோயிலும் கதைக்கிறாள். ஆனால் பெட்டியைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அதை நேரே மதுவிடம் கேட்கிறாளாம், கிழமைக்கு இரண்டுதரம், மூன்றுதரம். மதுவும் ஒவ்வொரு தரமும், வருது மாமி, வருது என்கிறாளாம்.